இராயனுடைய காசும் இராயனுடைய பட்டயமும்: மாற்கு 12:13–17 பற்றி ஒரு திறனாய்வு

இராயனுக்கு வரி கொடுப்பது முறையா என்னும் வினாவுக்கு நம் ஆண்டவர் அளித்த விடை, நம்முடைய பிரசங்க மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் திருமறைப் பகுதிகளுள் ஒன்று. குடியரசு நாள் ஆராதனையில் அது குடிமைக் கடமைக்குச் சான்றாகிறது. தேர்தல் காலத்தில் சபை அரசியலில் தலையிடலாகாது என்பதற்கு அரணாகிறது. அறுப்பின் பண்டிகையில் காணிக்கைக்கு ஊக்கமாகிறது. ஒரே வசனம் இத்தனை பணிகளைச் செய்யும்பொழுது, அதன் சொந்தப் பணி யாது என்று நின்று கேட்பது இறையியல் பயில்வோரின் கடமையாகும்.

நாமும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்பகுதியைப் பிறர் பிரசங்கித்தவாறே பிரசங்கித்து வந்தோம். ஒரு நாள் வகுப்பறையில் மாணவர் ஒருவர், "ஐயா, அந்தக் காசை இராயன் யாருக்காக அடித்தான்? கடைக்காரனுக்காகவா, சிப்பாய்க்காகவா?" என்று கேட்டார். காசின்மேல் இருந்த முகத்தைப்பற்றி நமக்குப் பல குறிப்புகள் தெரிந்திருந்தன. அக்காசு எதற்காகப் பிறந்தது என்பதை மட்டும் நாம் ஒருபோதும் ஆராய்ந்ததில்லை. அவ்வினாவுக்கு அன்று கூறத் தவறிய விடையே இக்கட்டுரை.

1. மூன்று விளக்கங்கள்

இப்பகுதிக்குத் திருச்சபையில் வழங்கிவரும் விளக்கங்களை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவதை 'இரண்டு அறை' விளக்கம் எனலாம். உலக வாழ்வு ஓர் அறை, ஆவிக்குரிய வாழ்வு மற்றோர் அறை. பணமும் ஆட்சியும் முன்னதைச் சேரும், செபமும் ஆராதனையும் பின்னதைச் சேரும் என்பது அதன் சாரம். இதற்கு லூத்தரைத் துணைக்கு அழைப்பது நம்மவர் வழக்கம். ஆனால் லூத்தர் உலக அதிகாரத்தைப் பற்றி 1523ஆம் ஆண்டில் எழுதியதன் சூழ்நிலை வேறு. சில சிற்றரசர்கள் அவருடைய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தங்கள் நாட்டில் தடைசெய்து, மக்களிடமிருந்து அதைப் பறிக்க முற்பட்டனர். ஆன்மாவின்மேல் பட்டயத்திற்கு அதிகாரமில்லை என்று காட்டவே அவர் எல்லை வகுத்தார். பட்டயம் உட்புகாதபடி அவர் எழுப்பிய சுவரை, பட்டயம் என்ன செய்கிறது என்று நாம் பாராதிருக்கும் திரையாக மாற்றிவிட்டோம்.

இரண்டாவது, எஸ். ஜி. எஃப். பிராண்டன் 1967இல் வெளியிட்ட 'இயேசுவும் செலோத்தரும்' என்னும் நூலில் காணும் விளக்கம். இஸ்ரவேலின் நிலமும் அதன் விளைவும் கடவுளுடையவை என நம்பிய யூதரின் செவியில், கடவுளுக்குரியதைக் கடவுளுக்குக் கொடு என்பது வரியை மறு என்றே ஒலித்திருக்கும் என்பது அவர் வாதம். பிலாத்துவின் முன் கொண்டுவரப்பட்ட குற்றச்சாட்டில் (லூக்கா 23:2) உண்மை இருந்தது என்றும் அவர் கருதினார்.

மூன்றாவது, மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெர்த்துல்லியன் கூறிய சாயல் விளக்கம். காசில் உள்ள சாயல் இராயனுடையது, ஆகவே காசு அவனுக்கு உரியது. மனிதனில் உள்ள சாயல் கடவுளுடையது, ஆகவே மனிதன் அவருக்கு உரியவன்.

மூன்றனுள் இறுதியானதே பகுதியின் நடுப்பொருளுக்கு மிக அருகில் வருகிறது என்பது நம் கருத்து. ஆயினும் மூன்று விளக்கங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவை காசைக் கையில் வாங்கி உடனே கீழே வைத்துவிடுகின்றன. ஆண்டவரோ ஒரு காசைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பார்க்கவும் வைத்தார். அவர் பார்க்கச் சொன்னதை நாம் பார்க்கவேண்டாமா?

2. காசு கூறும் செய்தி

நம் பழைய மொழிபெயர்ப்பில் 'பணம்' என்று வரும் அந்நாணயம் தெனாரியம் என்னும் ரோம வெள்ளிக்காசு. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியுவின் தெனாரியமே அது எனப் பெரும்பாலான ஆய்வாளர் கொள்வர். அதன் ஒரு பக்கத்தில் மாலை சூடிய திபேரியுவின் தலை. சுற்றிலும், அவன் தெய்வமாகிய அகுஸ்துவின் குமாரன் என்னும் மேலெழுத்து. மறுபக்கத்தில் அமர்ந்த கோலத்தில் ஒரு பெண்ணுருவம், கையில் ஒரு கிளையும் நீண்ட கோலும். சுற்றிலும், தலைமைக் குரு என்னும் பட்டம். அப்பெண்ணுருவத்தை, அமைதித் தெய்வமாகக் காட்டப்பட்ட இராயனின் தாய் லீவியா எனப் பலர் கருதுவர்.

அமைதியின் உருவைத் தாங்கிய இக்காசு பெரும்பாலும் அடிக்கப்பட்ட இடம் லுக்துனும், அதாவது இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகரம். அங்கிருந்த அக்கசாலையைக் காக்க ஒரு படைப்பிரிவு நிறுத்தப்பட்டிருந்தது. காசு பிறந்த வீட்டின் வாயிலிலேயே பட்டயம் நின்றது என்பது கவனிக்கற்பாலது.

ஈண்டு ஒரு தடையையும் மறைக்காமல் கூறவேண்டும். எருசலேமின் அகழ்வுகளில் கி.பி. 70க்கு முற்பட்ட காலத்தைச் சேர்ந்த வெள்ளிக்காசுகளில் தீருநகர் வெள்ளியே மேலோங்கியுள்ளது. ரோமத் தெனாரியம் அரிதாகவே கிடைக்கிறது. எனவே யூதேயாவின் வரி முழுவதும் இக்காசாகவே செலுத்தப்பட்டது என்று துணிந்து கூறலாகாது. தானியமாகவும் வேறு நாணயமாகவும் அது திரட்டப்பட்டிருக்கலாம். ஆனால் இத்தடை நம் வாதத்தைக் குலைப்பதில்லை. நற்செய்தியாளர் இக்காசை யூதேயாவின் அன்றாடச் சில்லறையாக அல்ல, இராயனின் உரிமைக் கோரிக்கையின் அடையாளமாகவே நம் முன் வைக்கிறார். அவ்வடையாளம் தேவாலய வளாகத்திலேயே, கேள்வி கேட்டவர்கள் கைக்கு எட்டும் தொலைவில் கிடைத்தது என்பதும் கதையின் ஒரு பகுதி.

3. பட்டயம், ஊதியம், வரி

மாணவரின் வினாவுக்கு இப்பொழுது வருவோம். 'ரோம உலகில் பணமும் பரிமாற்றமும்' என்னும் தம் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் மைக்கேல் கிராஃபோர்டு, ரோம அரசு நாணயம் அடித்ததன் முதன்மை நோக்கம் தன் செலவுகளைச் செலுத்துவதே என்று வாதிட்டார். அச்செலவுகளில் மிகப் பெரியது படைச்செலவு. சந்தையின் வசதி பின்னர் வந்த பயன். அடித்ததன் காரணம் அன்று. அப்படியானால் விடை, சிப்பாய்க்காக என்பதே.

கணக்கு இதனை விளக்கும். அக்காலத்தில் ரோமப் படைவீரன் ஒருவனின் ஆண்டு ஊதியம் 225 தெனாரியம். அது மூன்று தவணைகளில் வழங்கப்பட்டது. திபேரியுவின் ஆட்சியில் கி.பி. 23இல் 25 படையணிகள் இருந்தன என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எண்ணிக் கூறுகிறார். அணி ஒன்றுக்கு ஏறத்தாழ 5,000 வீரர் எனக் கொண்டால், சாதாரண வீரர்களின் ஊதியம் மட்டுமே ஆண்டுக்கு 2 கோடியே 81 இலட்சம் தெனாரியம் ஆகிறது. படைத்தலைவர், துணைப்படையினர், ஓய்வு பெற்றோர் ஆகியோரின் செலவு இதில் சேரவில்லை. பேரரசின் வருவாயில் பாதியோ அதற்கும் மேலோ படைக்கே சென்றது எனப் பலர் மதிப்பிடுவர்.

நம் காசில் முகம் பொறிக்கப்பட்ட திபேரியு அரியணை ஏறிய கி.பி. 14இல் நிகழ்ந்ததும் பொருள் பொதிந்தது. பன்னோனியாவிலும் ரைன் நதிக்கரையிலும் படைகள் கலகம் செய்தன. தங்கள் உடலும் உயிரும் நாளொன்றுக்குப் பத்து அஸ் என்னும் செப்புக்காசுக்கு மதிப்பிடப்படுகின்றன என்று பன்னோனிய வீரர் முறையிட்டனர்; நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் வேண்டுமெனக் கேட்டனர். ஒரு தெனாரியத்திற்கு 16 அஸ். திராட்சத்தோட்ட உவமையில் கூலியாள் ஒரு நாளுக்குப் பேசிக்கொண்ட அதே காசுக்காக (மத்தேயு 20:2) படைமுகாம்கள் கொந்தளித்தன. புதிய இராயனின் ஆட்சிக்கு வந்த முதற் சோதனை ஊதியத்தைப் பற்றியதே.

இவ்வூதியத்தின் மறுமுனை குடியானவனின் களத்தில் இருந்தது. கி.பி. 6ஆம் ஆண்டில் அர்கெலாயு நீக்கப்பட்டு யூதேயா ரோமரின் நேராட்சிக்குள் வந்தது. சிரேனியு குடிமதிப்பு எடுத்தான். கலிலேயனாகிய யூதாஸ் அதை எதிர்த்து எழும்பினான் (அப்போஸ்தலர் 5:37). அதே கி.பி. 6இல் ரோமாபுரியில் அகுஸ்து படைக்கருவூலம் ஒன்றை நிறுவினான். தன் சொந்தச் செல்வத்திலிருந்து 17 கோடி செஸ்டெர்ஸ் அதில் இட்டு, ரோமக் குடிமக்களின் மரபுரிமைச் சொத்தில் நூற்றுக்கு ஐந்து வரி விதித்து, ஓய்வு பெறும் வீரருக்குக் கொடை வழங்க வழிசெய்தான். யூதேயாவின் வரி நேராக அக்கருவூலத்திற்குச் சென்றது என்று நாம் கூறவில்லை. ஆனால் பேரரசின் நடுவிடத்தில் படைக்கென ஒரு பெட்டகம் திறந்த ஆண்டிலேயே அதன் ஓரத்தில் ஓர் எளிய மக்களின் தலைகள் எண்ணப்பட்டன. இவ்விரண்டும் ஒரே ஆட்சிமுறையின் இரு கைகள் அல்லவா? பதினோர் ஆண்டுகள் கழித்து, கி.பி. 17இல், சீரியாவும் யூதேயாவும் வரிப்பளு தாளாது குறைக்குமாறு வேண்டின என்று டாசிட்டஸ் எழுதுகிறார்.

வரி மறுத்தவருக்கு நேர்வது யாது என்பதையும் கலிலேயர் அறிவர். ஏரோது இறந்த கி.மு. 4இல் எழுந்த கலகங்களை அடக்க வந்த வாருஸ், ஏறத்தாழ 2,000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்று யோசேபஸ் கூறுகிறார். நாசரேத்துக்குச் சில கல் தொலைவிலுள்ள செப்போரிஸ் நகரம் எரிக்கப்பட்டது. நம் ஆண்டவர் வளர்ந்த ஊரில் மூத்தோர் இதை நினைவில் வைத்திருந்திருப்பர்.

இத்தொடர்பை மூடி மறைக்க ரோமர் முயலவும் இல்லை. கி.பி. 70இல் கலகம் செய்த கால் நாட்டு மக்களிடம் படைத்தலைவன் செரியாலிஸ் பேசியதாக டாசிட்டஸ் தரும் உரையில், அமைதிக்குப் படை தேவை, படைக்கு ஊதியம் தேவை, ஊதியத்திற்குக் குடிகளின் வரி தேவை என்னும் வாதம் ஒளிவின்றி வருகிறது. காசின் மறுபக்கத்தில் இருந்த அமைதித் தெய்வத்திற்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டியதில்லை.

திருமறையும் இதை அறியாததன்று. யோவான் ஸ்நானன் முன் ஆயக்காரரை அடுத்துப் போர்ச்சேவகர் வருகின்றனர் (லூக்கா 3:12–14). விதித்ததற்கு மேல் வாங்காதிருக்க முன்னவருக்கும், இடுக்கண் செய்யாமல் ஊதியத்தோடு நிறைவடையப் பின்னவருக்கும் அவர் அறிவுரை கூறுகிறார். வரி வாங்குபவனையும் ஊதியம் வாங்குபவனையும் லூக்கா அடுத்தடுத்து நிறுத்தியதை வெறும் வரிசை எனக் கொள்ளலாகாது.

4. கொங்குநாட்டில் அதே காசு

இதுவரை கூறியவற்றால், பட்டயமே பணத்திற்கு மதிப்பளிக்கிறது என்று முடிவுகட்டத் தோன்றும். ஜெர்மானியப் பொருளியலாளர் கனாப் 1905இல் வெளியிட்ட நூலில், பணம் அரசின் சட்டத்தால் உண்டாவது என்று வாதிட்டார். அவருக்கு முன்னரே ஆஸ்திரியரான கார்ல் மெங்கர் 1892இல், பணம் அரசின் ஆணையால் அன்றி மக்களின் கொடுக்கல் வாங்கலில் தானே விளைந்தது என்று எழுதியிருந்தார். இவ்வழக்கில் சான்று கூற நம் நாட்டு மண்ணுக்கும் உரிமை உண்டு.

கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் புதையல்களாகக் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் மிகப் பெரும்பாலானவை அகுஸ்து, திபேரியு ஆகிய இருவருடையவை. திபேரியுவின் காசுகளில் மிகுதியானவை நாம் மேலே விவரித்த அதே வகை. மிளகுக்கும் மணிக்கும் மெல்லிய ஆடைக்கும் ஈடாக யவனக் கப்பல்கள் கொணர்ந்த வெள்ளி அது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்ஸ் ஈர்த்துக்கொள்வதாகப் பிளினி குறைகூறியதும் இவ்வாணிகத்தைப் பற்றியே.

கொங்குநாட்டில் இராயனுக்குப் படையில்லை, வரிவாங்கும் ஆளில்லை. அவன் தெய்வமகன் என்னும் மேலெழுத்தை இங்குள்ளோர் படித்திருக்கவும் வாய்ப்பில்லை. எனினும் காசு ஏற்கப்பட்டது. ஏன்? அதன் வெள்ளி நல்ல வெள்ளி, அதன் எடை மாறாதது என்று கண்டனர். புதுக்கோட்டைச் சீமையில் 1898ஆம் ஆண்டு கிடைத்த ரோமப் பொற்காசுகளில் மிகப் பல, இராயனுடைய முகத்தின் குறுக்கே வெட்டப்பட்டிருக்கின்றன. இதற்கு ஆய்வாளர் பல காரணங்கள் கூறுவர். நமக்கு வேண்டியது ஒன்றே: முகம் வெட்டுண்ட பின்னும் பொன் சேமித்து வைக்கப்பட்டது. ஒரே இராயனின் காசு யூதேயாவில் கட்டளையாகவும் கொங்கில் வெள்ளியாகவும் இருந்தது.

இதனால் நாம் வேறுபடுத்தி அறியவேண்டியவை இரண்டு. பணத்தைக் கட்டாயமாக்குவது பட்டயம். பணத்தை நம்பத்தக்கதாக்குவது பட்டயம் அன்று. நம் மொழி இவ்வுண்மையைத் தன்னுள் பொதிந்து வைத்துள்ளது. காசையும் நேர்மையையும் 'நாணயம்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். சொன்ன சொல் தவறாதவரை நாணயமானவர் என்கிறோம். புதிய ஏற்பாட்டில் விசுவாசம் என நாம் மொழிபெயர்க்கும் 'பிஸ்திஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும் கடன் வாணிகத்தில் ஒருவர்மேல் வைக்கும் நம்பிக்கையைக் குறிக்க வழங்கியதே.

ரோமரின் பிற்கால வரலாறு இவ்வேறுபாட்டை மெய்ப்பிக்கிறது. நீரோ கி.பி. 64இல் தெனாரியத்தின் எடையையும் வெள்ளியையும் குறைத்தான். செப்டிமியு செவேரு படையின் ஊதியத்தை உயர்த்தியபொழுது, காசின் வெள்ளியை ஏறக்குறைய பாதியாக்கினான். மூன்றாம் நூற்றாண்டின் 260களில் பேரரசின் 'வெள்ளிக்' காசில் இருந்த வெள்ளி நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு. படைகள் முன்னிலும் பெருகியிருந்தன, காசோ வெளிறியிருந்தது. காசை வாங்கும்படி பட்டயம் ஒருவனை வற்புறுத்தலாம். அக்காசுக்குள் வெள்ளியை வைக்கப் பட்டயத்தால் இயலாது.

இது பழங்கதை மட்டுமன்று. இன்று நம் கையிலுள்ள தாளில் வெள்ளியும் இல்லை, பொன்னும் இல்லை. 2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் நள்ளிரவு முதல் செல்லா என்று அறிவிக்கப்பட்டது. தாளும் மையும் மாறவில்லை. அரசின் சொல் மாறியது. வங்கி வாயில்களில் நின்ற நீண்ட வரிசைகளில் நம் சபையாரும் நின்றனர். பணத்தின் கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பதை எந்தப் பொருளியல் நூலையும்விட அவ்விரவு தெளிவாக உணர்த்தியது.

5. முகத்தை மாற்றினால் போதுமா?

இனி, இக்கட்டினின்று விடுபட இராயனின் முகத்தை அகற்றினால் போதும் எனக் கருதியோரைக் காண்போம். பிராண்டனின் விளக்கத்தை நாம் ஏற்கத் தயங்குவது இவ்விடத்தில்தான்.

கி.பி. 66இல் யூதேயா கிளர்ந்தெழுந்தது. கிளர்ச்சியாளர் உடனே செய்தவற்றுள் ஒன்று, பரிசுத்த எருசலேம் என்னும் எழுத்துப் பொறித்த வெள்ளிக்காசை அடித்தது. கி.பி. 132 முதல் 135 வரை நடந்த பார் கோக்பாவின் போரிலும் அவ்வாறே. ரோமக் காசுகளையே எடுத்து, இராயனின் முகத்தின்மேல் தேவாலயம், திராட்சைக்குலை, பேரீச்சமரம் முதலிய உருவங்களை மறு அச்சிட்டனர். அவற்றுள் சிலவற்றில் அடியிலுள்ள இராயனின் கோடுகள் இன்றும் மங்கலாகத் தெரிகின்றன. அம்மக்களின் விடுதலை வேட்கையை நாம் இகழவில்லை. ஆயினும் பட்டயம் ஏந்தியவன் படைக்கு ஊதியம் தரவேண்டும். ஊதியம் தருபவன் காசு அடிக்கவேண்டும். முகம் மாறியது, சங்கிலி மாறவில்லை.

திருச்சபையின் வரலாறு இதனினும் நம்மை நாணச் செய்வது. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் பிசாந்தியப் பேரரசன் இரண்டாம் ஜஸ்டினியன், தன் பொற்காசின் முன்பக்கத்தில் கிறிஸ்துவின் முகத்தையே பொறித்தான். தன்னைக் கிறிஸ்துவின் அடிமை என்னும் எழுத்தோடு பின்பக்கத்தில் வைத்துக்கொண்டான். பக்தியால் செய்தான் என்று கொள்வோம். ஆனால் படைக்கும் அரண்மனைக்கும் செலவாகும் காசில் ஆண்டவரின் முகத்தைப் பொறித்தால், இந்தச் சுரூபம் யாருடையது என்று அவர் கேட்ட வினாவின் கூர்மை எங்கே போயிற்று? காசில் கடவுள் குடியேறியபொழுது, கடவுளுக்கும் இராயனுக்கும் இடையே கோடு கிழிக்க இடமே இல்லாமற் போயிற்று.

பட்டயத்தையும் அரியணையையும் காசையும் பிணைக்கும் சங்கிலியை எப்பக்கத்திலிருந்தும் இழுக்கலாம் என்பதற்கு ஒரு சான்று போதும். கி.பி. 193இல் ரோமாபுரியின் மெய்க்காவற்படை பேரரசையே ஏலத்தில் விட்டது. வீரன் ஒருவனுக்கு 25,000 செஸ்டெர்ஸ் தருவதாகக் கூறிய திதியு யூலியானு இராயனானான். அவன் ஆட்சி நீடித்தது ஏறத்தாழ ஒன்பது வாரங்கள்.

6. ஆண்டவரின் விடை

இப்பின்னணியோடு பகுதியை மீண்டும் நோக்குவோம். கேள்வி கேட்டவர்கள் 'கொடுத்தல்' என்னும் வினையைப் பயன்படுத்துகின்றனர். ஆண்டவர் விடையில் வருவது 'அப்பொதோத்தே' என்னும் சொல். அதன் நேர்ப்பொருள் திருப்பிக் கொடுங்கள் என்பது. கடனைத் தீர்ப்பதற்கும் பொருளை உரியவனிடம் சேர்ப்பதற்கும் அது வழங்கும். காசு இராயனின் அக்கசாலையிலிருந்து புறப்பட்டது. அவன் படைக்கு ஊதியமாயிற்று. வரியாக அவனிடமே திரும்புகிறது. அந்த வட்டத்திற்குள் அவன் கோரிக்கைக்கு ஒரு நியாயம் உண்டு. ஆண்டவர் அதை மறுக்கவில்லை. அக்கோரிக்கை அந்த வட்டத்தின் விளிம்போடு முடிகிறது என்பதையே சுட்டுகிறார்.

அடுத்தது 'எய்க்கோன்', அதாவது சுரூபம் அல்லது சாயல். ஆதியாகமம் 1:26இன் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இதே சொல். தெர்த்துல்லியன் கண்ட இத்தொடர்பை நாமும் ஏற்கிறோம். ஆயினும் ஒன்று சேர்க்கவேண்டும். காசில் பதிந்த சாயல் கட்டாயத்தின் சாயல். உலோகத்தை நெருப்பில் இளக்கி அச்சின்கீழ் வைத்து அறைந்து உண்டாக்குவது. மனிதனில் உள்ள சாயலோ அருளால் ஈந்தது. இராயனுக்குத் திரும்புவது அவன் வற்புறுத்தக்கூடியது. கடவுளுக்குத் திரும்புவது எவராலும் வற்புறுத்த முடியாத ஒன்று: நம்பிக்கை. பட்டயத்தால் கடமையை வாங்கலாம், விசுவாசத்தை வாங்க முடியாது என்று மேலே காசின் வரலாற்றில் கண்டோம். ஆண்டவர் கிழித்த கோடு அவ்விடத்தில்தான் செல்கிறது. உலகப் பொருள் ஒருபுறம், ஆவிக்குரிய பொருள் மறுபுறம் என்று அவர் பிரிக்கவில்லை. கட்டாயத்தால் பெறக்கூடியது ஒருபுறம், அன்பினால் மட்டுமே தரக்கூடியது மறுபுறம். பின்னதை இராயன் கேட்கும்பொழுது, காசின் மேலெழுத்தில் உள்ளவாறு தன்னைத் தெய்வமகன் என்று கூறி வணக்கம் கேட்கும்பொழுது, கோடு தாண்டப்பட்டுவிட்டது.

7. நம் ஊழியத்திற்கு

அப்படியாயின் ரோமர் 13 என்னாவது என்று மாணவர் கேட்பர். பவுல் அங்கே நான்காம் வசனத்தில் பட்டயத்தையும் ஆறாம் வசனத்தில் வரியையும் அடுத்தடுத்து வைக்கிறார். அவரும் தொடர்பை அறிந்தே எழுதுகிறார். பட்டயம் முழுவதும் தீது என்று அவர் கூறவில்லை, நாமும் கூறத்துணியோம். அவர் நடந்த சாலைகளையும் கடந்த கடலையும் கள்வரினின்று காத்தது ரோமரின் பட்டயம். எளியவன் வீட்டை இரவில் காக்கும் காவலும் அரசின் பட்டயமே. ஆனால் பவுல் பட்டயத்திற்கு நன்மை என்னும் நோக்கத்தை வகுத்து, ஆள்பவனைக் கடவுளின் ஊழியக்காரன் என்கிறார். ஊழியக்காரனிடம் கணக்குக் கேட்கலாம். தெய்வமகனிடம் கேட்க முடியாது. இவ்விரு பட்டங்களுக்கும் இடையேயுள்ள தூரமே ரோமர் 13க்கும் திபேரியுவின் காசுக்கும் உள்ள தூரம்.

ஆகவே, வரி கொடுங்கள் என்பதோடு நம் பிரசங்கம் முடியலாகாது. கொடுத்த வரி யாரைக் காக்கிறது, யாரை நசுக்குகிறது, அதில் எவ்வளவு படைக்கலமாகிறது, எவ்வளவு பசித்தவனின் உணவாகிறது என்று கேட்பதும் அவ்வசனத்தின் கீழ்ப்படிதலே.

இறுதியாக ஒன்று நம் வீட்டைப் பற்றியது. இராயனையும் கடவுளையும் கலக்கலாகாது என்று மேடையில் முழங்கும் நாம், சபையின் சொத்துக்கும் பதவிக்கும் பூசல் எழும்பொழுது முதலில் ஓடும் இடம் எது? வழக்குமன்றம், சில வேளைகளில் காவல் நிலையம். ஆலயத்தின் பெட்டகச் சாவி யார் கையில் இருக்கவேண்டும் என்பதை இராயனின் பட்டயம் தீர்மானிக்கும்படி நாமே வேண்டிக்கொள்கிறோம். நீதிமன்றத்தை நாம் இகழவில்லை. அநீதியுற்றோர்க்கு அது புகலிடம். ஆனால் சகோதரர் ஒருவரையொருவர் நம்பும் நாணயம் நம்மிடம் குன்றிப்போனதனாலேயே கட்டாயத்தின் நாணயத்தை நாடுகிறோம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். வெள்ளி வற்றிய காசுக்குப் பட்டயம் மிகுதியாகத் தேவைப்படுவதைப்போல், விசுவாசம் வற்றிய சபைக்கும் வழக்கு மிகுதியாகத் தேவைப்படுகிறது.

தேவாலயத்தில் ஒரு காசைப் பார்க்கும்படி சொன்னவரைச் சில நாட்களுக்குள் இராயனின் சேவகர் பட்டாளமாகக் கூடிச் சிலுவைக்குக் கொண்டு சென்றனர். அவர் எழுந்தபின், கண்டதை மாற்றிச் சொல்லும்படி சேவகருக்குத் திரளான பணம் கொடுக்கப்பட்டது என்று மத்தேயு எழுதுகிறார் (28:12–15). கல்லறை வாயிலில் பட்டயமும் பணமும் கைகோத்து நின்றன. அவ்விரண்டும் சேர்ந்து காவல் வைக்க முடிந்தது, வதந்தியைப் பரப்பவும் முடிந்தது. கல்லறைக்கு வந்த பெண்களின் நம்பிக்கையை அவற்றால் விலைக்கு வாங்கவும் முடியவில்லை, அச்சுறுத்தி அடக்கவும் முடியவில்லை. அந்நம்பிக்கையினின்று பிறந்ததே திருச்சபை. அதன் நாணயம் எதனால் ஆனது என்பதை, அடுத்த முறை இவ்வசனத்தைப் பிரசங்கிக்க மேடையேறுமுன் நம்மையே நாம் கேட்டுக்கொள்வோமாக.